பிள்ளைகள் கீறிய படம் பள்ளிச் சுவரில் ஏறும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் படங்களை வரைவோம் என்று அதிபரோ பழைய மாணவர் சங்கமோ முடிவெடுத்தால் முதலில் நடப்பது சித்திரப் போட்டி. பிழையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதற்பரிசு எதற்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மருந்துக்கும் ஒரு மலை கிடையாது. வகுப்பில் பழக்கிய கையின் வேலைதான் அது. போட்டி, பரிசு என்ற பேச்சை எடுக்காமல், "பள்ளிக்கு வாற வழியில் என்ன கண்டனீர்?" என்று கேட்டு ஒரு தாளைக் கொடுத்துப் பாருங்கள். நாய், லொறி, தண்ணீர்த் தாங்கி, அம்மம்மாவின் சைக்கிள் எல்லாம் வரும்.

அடுத்த தவறுதான் பெரியது. படத்தை "வடிவாக்கி" வரைவது.

தரம் 2 பிள்ளை கிணறு கீறினால் வாய் மேலிருந்து பார்த்ததுபோல் முழு வட்டமாக இருக்கும். அதற்குக் கீழே கட்டு பக்கவாட்டில் நிற்கும். கட்டுக்குள்ளே தண்ணீரும் வாளியும் இரண்டு மீனும் தெரியும். உள்ளே தண்ணீர் இருப்பது பிள்ளைக்குத் தெரியும், ஆகவே அதையும் கீறிவிடுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1920களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வயதில் இது வழக்கமான வளர்ச்சிதான். ஆனால் கூலிக்கு வரும் ஓவியர் வட்டத்தை நீள்வட்டமாக்குவார், தண்ணீரை மறைப்பார், நிழல் போடுவார், வீட்டைவிடப் பெரிதாய் இருந்த காகத்தைச் சின்னதாக்குவார். மிஞ்சுவது கலண்டர்ப் படம். கீறிய பிள்ளையே அதைத் தன்னுடையது என்று சொல்லாது.

ஆகவே கண்பார்த்து வரைய விடாதீர்கள். தாளைப் படமெடுத்து, இருட்டிய பிறகு புரொஜெக்டரில் சுவரில் விழுத்தி, கோணலும் நடுக்கமும் உள்ளபடியே கோட்டின் மேல் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டின் தடிப்பையும் கவனியுங்கள். 30 சென்ரிமீற்றர் தாள் 3 மீற்றர் சுவருக்குப் போனால் எல்லாமே பத்து மடங்கு. 4 மில்லிமீற்றர் கிரேயோன் கோடு சுவரில் 4 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் போட்டால் கம்பி வளைத்ததுபோல் நிற்கும். தட்டைத் தூரிகையில் கொஞ்சமாகப் பெயின்ற் தொட்டு இழுத்தால் கிரேயோனின் சொரசொரப்பும் வந்துவிடும்.

சுவர் நீளம் என்பதற்காகப் படத்தை இழுத்து நீட்டவும் கூடாது. பக்கத்தில் வெறுமையாக விடுங்கள், அதுவும் அழகுதான். எல்லாப் பிள்ளைக்கும் இடம் வேண்டும் என்று நூறு படங்களை நெருக்கினால் தபால் முத்திரைகள் அடுக்கிய தாள்போலத்தான் தெரியும். சிலவற்றைப் பெரிதாக்கி, மற்றவற்றைத் தூண்களில் சிறிதாகப் போடலாம்.

சரி, சுவர். மாரியில் நனைந்த சுவர் வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் கிடக்கும். சவர்த் தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தால் உப்புப் பூத்து, முதலில் அடிச்சுவரில் பெயின்ற் உரியும். ஒன்றரை அடிப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை நினைத்தும் பார்க்க வேண்டாம், சித்திரைக்குப் பிறகு தொடங்குவதே நல்லது. புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது நான்கு கிழமை விட்டு, பிறகு பிறைமர் என்ற அடிப்பூச்சு. பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள், பிள்ளைகள் இல்லாத நாளில். மேற்கு வெயில் படும் சுவரில் பளீரென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறும். ஒக்சைட் காவியும் மண் மஞ்சளும் தாங்கும்.

உரிமை, அனுமதி பற்றிய எழுத்து வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தின் உரிமை கீறியவருக்கே, அவருக்கு ஏழு வயதானாலும். பெற்றோரிடம் அனுமதிக் கையொப்பம் வாங்குங்கள். படத்தின் கீழே பிள்ளையின் பெயரும் தரமும் போதும், முகப்புத்தகத்தில் முழு விபரமும் போட வேண்டியதில்லை. நிதி தந்த பழைய மாணவர் சங்க லண்டன் கிளையின் பெயர் கருங்கல்லில் ஒரு முழ உயரத்துக்கு நிற்க, பிள்ளையின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், யாருடைய சுவர் அது?

கடைசியாக, நிற எண்களை ஒரு கொப்பியில் எழுதி அலுவலகத்தில் வையுங்கள். மிச்சப் பெயின்றை இறுக மூடி நிழலில் வைத்தால், பந்து பட்டுக் கழன்ற இடத்தை அடுத்த விடுமுறையில் அதே நிறத்தால் தொட்டுவிடலாம்.