சாட்ஸ்வொர்த்தில் சாப்பாட்டுக் கடையா? வங்கிக் கடன் கேட்கும் முன் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் தெருக்களில் கடை போட்டிருக்கும் நம் ஆட்களின் கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை மதியம் 'கால் மட்டன்' பனி சௌவுக்கு (கால் பங்கு ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பு நிரப்பியது) வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அதே கடைக்காரர் இன்னொரு அடுப்பு வாங்கக் கடன் கேட்டுப் போனால் வங்கி கைவிரித்துவிடுகிறது. அந்த வரிசை வங்கியின் கண்ணில் படுவதே இல்லை. பணம் கல்லாவிலிருந்து நேரே கறிக்கடைக்கும் வீட்டுக்கும் போய்விடுகிறது.

படி 1: வசூலைக் கணக்கில் ஏற்றுங்கள்

கடைக்கென்று தனிக் கணக்கு திறந்து, அன்றன்றைய வசூல் முழுவதையும் அதில் போடுங்கள். இறைச்சி, ரொட்டி, கேஸ், வாடகை எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கொடுங்கள். ரொக்கம் கட்டினால் வங்கி கட்டணம் பிடிக்கும், அது கொஞ்சம் கசக்கும்தான். கார்டு மெஷினுக்கும் கழிவு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு விற்பனைக்கும் அது சாட்சி. வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் ஸ்கூல் பீஸும் மட்டன் பில்லும் ஒரே ஸ்டேட்மென்டில் கலந்து கிடந்தால், உங்களுக்கு லாபம் வருகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களாலும்தான். இப்படி ஒரு வருடம் ஓடினால் நல்லது, ஆறு மாதமாவது வேண்டும்.

படி 2: தாள்கள்

முதலில் டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு தரும் ஏற்புச் சான்றிதழ். 2018-இல் வந்த ஆர் 638 என்ற உணவுச் சுகாதார விதிகளின்படி உணவுக் கடைக்கு இது கட்டாயம். ஓடுகிற கடையை விலைக்கு வாங்கியவர்கள் கவனிக்கவும்: பழைய உரிமையாளரின் சான்றிதழ் உங்களுக்குச் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். கூடவே வியாபார உரிமம், சார்ஸ் எனும் வரித்துறை தரும் வரி எண், அடையாள அட்டை, முகவரிச் சான்று. கம்பெனியாகப் பதிந்திருந்தால், கம்பெனிகளைப் பதியும் சிஐபிசி அலுவலகத்தின் தாள்களும் வேண்டும்.

பலர் கோட்டை விடுவது வாடகை ஒப்பந்தத்தில். இரண்டு வருடக் கடன் கேட்கிறீர்கள், ஒப்பந்தம் எட்டு மாதத்தில் முடிகிறது என்றால் வங்கி தயங்கத்தான் செய்யும். முதலில் கட்டட உரிமையாளரிடம் பேசி அதை நீட்டுங்கள்.

படி 3: எதற்குக் கடன்?

சுவருக்குப் பளபளப்பும் புதுப் பெயர்ப்பலகையும் சொந்தக் காசில் வரட்டும். கடனில் வாங்குவது சம்பாதித்துத் தரும் பொருளாக இருக்கட்டும்: பெரிய அடுப்பு, ஃப்ரீசர், மின்வெட்டில் கடையை ஓடவைக்கும் இன்வெர்ட்டர்.

கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 60,000 ரேண்ட், 13 சதவீத வட்டி, 24 மாதம் என்று வைத்துக்கொண்டால் தவணை மாதம் சுமார் 2,850 ரேண்ட். ஒரு கால் மட்டனில் எல்லாச் செலவும் போக 25 ரேண்ட் நிற்கிறது என்றால், தவணைக்கு மட்டும் மாதம் 114 கூடுதலாக விற்க வேண்டும். 26 நாள் கடை திறந்தால் தினமும் நாலைந்து. புது அடுப்பு அதைத் தருமா? தரும் என்றால் மேலே படியுங்கள்.

படி 4: எந்தக் கடன்?

பொருள் வாங்கத் தவணைக் கடன். மாதக் கடைசி இழுபறிக்கு ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் ஒரு வரம்பு வரை எடுப்பது. கார்டு விற்பனையில் தினமும் பிடித்துக்கொள்ளும் முன்பணமும் உண்டு. சட்டென்று கிடைக்கும், ஆனால் மொத்தம் எவ்வளவு திருப்பித் தருகிறீர்கள் என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மஷோனிசா எனும் உரிமமில்லாத வட்டிக்காரர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

வட்டியை 'பிரைம் கூட்டல் இரண்டு' என்பதுபோலச் சொல்வார்கள். பிரைம் என்பது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தைவிட (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) 3.5 சதவீதப் புள்ளி அதிகம். ரெப்போ ஏறினால் உங்கள் தவணையும் ஏறும்.

அடமானம் வைக்க ஒன்றும் இல்லாவிட்டால், 2024-இல் பழைய அமைப்புகளை இணைத்து அரசு தொடங்கிய செட்ஃபா என்ற நிறுவனத்தையும் விசாரியுங்கள். சிறு தொழிலுக்குக் கடனும் ஆலோசனையும் அதன் வேலை.

படி 5: மேனேஜர் முன்னால்

போகும் முன் உங்கள் கிரெடிட் அறிக்கையை, அதாவது கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவை, வாங்கிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். எப்போதோ கட்ட மறந்த துணிக்கடைக் கணக்கு அதில் உட்கார்ந்திருக்கலாம்.

கம்பெனிக்குக் கடன் என்றாலும் உங்களைச் சொந்த ஜாமீன் கேட்பார்கள். அதற்குப் பிறகு கடை போனாலும் கடன் உங்கள் தலையில்தான். ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். உங்கள் பெயரில் கேட்ட கடனை மறுத்தால், முக்கியக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கலாம். தேசியக் கடன் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

படி 6: தவணைத் தேதி

நம்ம ஊரில் புரட்டாசி வந்தால் மட்டன் விற்பனை படுத்துவிடும். இதை வங்கியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்; பீன்ஸ் பனி, பருப்பு, காய்கறி பிரியாணி என்று அந்த மாதத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து. பெரும்பாலோருக்குச் சம்பளம் 25-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிக்குள் வருகிறது, கடையும் அப்போதுதான் நிறைகிறது. டெபிட் ஆர்டரை (தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) 20-ஆம் தேதி வைத்தால் கணக்கு காலியாக இருக்கும், தவணை திரும்பும், அதற்கும் ஒரு கட்டணம் விழும். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு தேதி கேளுங்கள்.