காசில்வேனியா: முதன்முறை கோட்டைக்குள் நுழைபவர்களுக்கு

1986 செப்டம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலோடு இணைக்கும் டிஸ்க் சிஸ்டத்துக்காகக் கொனாமி வெளியிட்ட கேம் 'அகுமாஜோ டிராகுலா'. மறு ஆண்டே அது 'காசில்வேனியா' என்ற பெயரில் கேட்ரிட்ஜாக அமெரிக்காவுக்குப் போய், ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் கன்சோலில் ஓடியது. சைமன் பெல்மாண்ட் என்பவன் ஒரு சாட்டையோடு டிராகுலாவின் கோட்டைக்குள் தனியாகப் போகிறான். கதை அவ்வளவுதான்.

கஷ்டமான கேம் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. நமக்கு விரல் வேகம் பத்தாது என்று நினைத்துப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வேகத்தால் இங்கே பெரிய பயன் கிடையாது. பட்டனை அழுத்தும் முன்பே என்ன செய்யப் போகிறோம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

படி 1: கேமைக் கையில் எடுப்பது

சுலபமான வழி, 2019-இல் கொனாமி வெளியிட்ட காசில்வேனியா ஆனிவர்சரி கலெக்‌ஷன். ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி எல்லாவற்றுக்கும் உண்டு. நினைத்த இடத்தில் சேவ் செய்துகொள்ளலாம்.

அசல் கன்சோலில்தான் ஆடுவேன் என்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது மின்சாரம். அமெரிக்க, ஜப்பானிய அடாப்டர்கள் நம் 230 வோல்ட்டுக்கு ஆனவை அல்ல. நேராகச் செருகினால் புகைதான் வரும். அதோடு என்இஎஸ் அடாப்டர் ஏசி மின்சாரம் தருவது, ஃபேமிகாமுக்கு வேண்டியது டிசி. ஒன்றின் அடாப்டரை இன்னொன்றில் மாட்டாதீர்கள். இரண்டாவது, என்இஎஸ் கேட்ரிட்ஜில் 72 பின், ஃபேமிகாம் கேட்ரிட்ஜில் 60 பின். தொண்ணூறுகளில் நம் ஊரில் விற்ற 'டிவி கேம்' பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள் என்பதால், அவற்றில் என்இஎஸ் கேட்ரிட்ஜ் அப்படியே பொருந்தாது. இடையில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும். கேட்ரிட்ஜ் படம் காட்டவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பின்களைத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

புது டிவியாக இருந்தால் செட்டிங்ஸில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். பட்டனை அழுத்தியதற்கும் சாட்டை வீசுவதற்கும் நடுவில் துளி தாமதம் இருந்தாலும் இந்த கேம் ஆட்டம் காட்டிவிடும்.

படி 2: சைமனின் உடம்பைப் புரிந்துகொள்வது

ஏ பட்டன் குதிக்க, பி பட்டன் சாட்டை வீச. மேல் அம்புக்குறியோடு பி அழுத்தினால் துணை ஆயுதம். ஸ்டார்ட் அழுத்தினால் கேம் நிற்கும். நிறுத்தி வைத்து யோசிப்பதில் வெட்கமே வேண்டாம்.

இனிதான் முக்கியமான பாடம். சைமன் குதித்துவிட்டால் அவனைத் திருப்ப முடியாது. குதிக்கும் உயரமும் தூரமும் எப்போதும் ஒன்றுதான். மற்ற கேம்களில் போல நடுவானில் பின்வாங்கலாம் என்று நினைத்துக் குதித்தால் நேராகப் பள்ளத்துக்குள்தான். தரையில் நின்று சாட்டையைச் சுழற்றும்போது அவன் அப்படியே நின்றுவிடுவான். குதித்தபடி வீசினால் பயணம் தொடரும். பட்டனை அழுத்தி ஒரு நொடிப்பொழுது கழித்தே சாட்டை நீளும் என்பதால், எதிரி பக்கத்தில் வந்த பிறகு அடித்தால் காலம் கடந்துவிடும். அவன் வரப்போகும் இடத்தை அடியுங்கள்.

அடி பட்டால் சைமன் பின்னால் தூக்கி எறியப்படுவான். இந்த கேமில் உயிர் போவது பாதி நேரம் எதிரியால் இல்லை, அவன் தள்ளிவிட்ட பள்ளத்தால். ஆனால் படிக்கட்டில் நிற்கும்போது அடி பட்டால் இந்தத் தூக்கியெறிதல் நடக்காது. பள்ளத்துக்குப் பக்கத்தில் படி இருந்தால் அதில் நின்றே சண்டை போடலாம். படியில் குதிக்க முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

படி 3: முதல் ஸ்டேஜ்

கோட்டைக்கு வெளியிலிருந்தே வழியில் இருக்கும் தீப்பந்தங்களையும் மெழுகுவர்த்திகளையும் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டே போங்கள். தொடக்கத்திலேயே சாட்டைக்கு இரண்டு மேம்பாடுகள் கிடைத்துவிடும். முதலாவதில் தோல் சாட்டை சங்கிலியாகி வலு கூடும், இரண்டாவதில் நீளம் கூடும். உயிர் போனால் இரண்டும் போய்விடும், மறுபடி தேட வேண்டியதுதான்.

இதயங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை உயிரை ஏற்றுவதில்லை, துணை ஆயுதத்துக்கான தோட்டா மாதிரி. சின்ன இதயம் ஒன்று, பெரியது ஐந்து. உயிர் ஏற வேண்டுமானால் இறைச்சி சாப்பிட வேண்டும். அது சுவர்க் கற்களுக்குள் ஒளிந்திருக்கும். சந்தேகமான சுவரைக் கண்டால் ஒரு அடி போட்டுப் பாருங்கள். கோட்டைச் சுவருக்குள் பொரித்த கறியை யார் வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

படி 4: எந்த ஆயுதம், எதை விட்டுவிடுவது

துணை ஆயுதங்கள் ஐந்து: கத்தி, கோடரி, புனித நீர், பூமராங், கடிகாரம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும். கடிகாரம் எதிரிகளைச் சிறிது நேரம் உறைய வைக்கும், ஆனால் ஒரு தடவைக்கு ஐந்து இதயம் விழுங்கும். கத்தி என் பார்வையில் உபயோகமற்றது. கோடரி மேல்நோக்கி வளைந்து பறப்பதால் பறக்கும் எதிரிகளுக்கு ஏற்றது. பூமராங் போய்த் திரும்புவதால் இரண்டு முறை அடிக்கும்.

புதியவர்களுக்கு என் தேர்வு புனித நீர்தான். தரையில் தீயாக எரிந்து, அதில் சிக்கிய எதிரியை அங்கேயே நிறுத்திவிடும். பல பாஸ்களும் (சில ஸ்டேஜ்களின் முடிவில் வரும் பெரிய எதிரிகள்) இதில் அசையாமல் நிற்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், கண்ணில் பட்ட ஆயுதத்தை மிதித்தாலே கையில் இருப்பது போய்விடும். புனித நீரோடு வருபவர், விழுந்த கத்தியை அவசரத்தில் எடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வது இந்த கேமில் தினசரிக் காட்சி. ஒவ்வொரு மெழுகுவர்த்தியிலும் என்ன விழும் என்பது மாறாது. எனவே கத்தி விழும் மெழுகுவர்த்தியை நினைவில் வைத்து, அடுத்த முறை அதைத் தொடாமலே போங்கள்.

துணை ஆயுதத்தாலேயே அடித்துக்கொண்டிருந்தால் சில நேரம் ரோமன் எண் இரண்டு போட்ட பொருள் விழும். அதை எடுத்தால் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு வீசலாம். பிறகு மூன்றும் கிடைக்கும்.

படி 5: மெடூசா தலைகள்

இவை அலை அலையாக ஏறி இறங்கிப் பறந்து வரும். துரத்தி அடிக்கப் போகாதீர்கள். நின்று, தலை உங்கள் சாட்டை உயரத்துக்கு இறங்கும் நேரத்தைப் பார்த்து அடியுங்கள். பள்ளத்தைத் தாண்ட வேண்டுமானால் ஒரு தலை கடந்து போன உடனே குதியுங்கள்.

படி 6: பாஸ்கள்

18 ஸ்டேஜ்கள், மூன்றுக்கு ஒரு பாஸ், மொத்தம் ஆறு. முதலில் ராட்சத வௌவால். கோடரி கையில் இருந்தால் சீக்கிரம் முடியும். அடுத்து மெடூசா, அப்புறம் இரண்டு மம்மிகள். இங்கெல்லாம் புனித நீரை எறிந்துகொண்டே இருங்கள். நான்காவது ஃப்ராங்கன்ஸ்டைனின் அரக்கன். அவனோடு ஒரு கூனன் துள்ளித் துள்ளித் தொந்தரவு கொடுப்பான். அவனைக் கொல்ல முடியாது, அரக்கன் மீதே கண் வையுங்கள்.

உண்மையான சுவர் ஐந்தாவது, மரண தேவன். அவனுக்கு முன்னால் வரும் நீண்ட கூடத்தில் கோடரி வீசும் கவச வீரர்களும் மெடூசா தலைகளும் ஒன்றாக வருவார்கள். தொடக்கத்தில் ஓர் அடிக்கு உயிர்க் கோட்டில் இரண்டு கட்டம் போனது, இங்கே நான்கு. மொத்தம் 16 கட்டம். நான்கு அடியில் கதை முடிந்தது. கவச வீரனை நோக்கிப் புனித நீரை எறிந்து, அவன் உறைந்ததும் சாட்டையால் முடியுங்கள். பறந்து வரும் கோடரிகளையும் சாட்டையால் தட்டிவிடலாம். இரண்டு வீரர்களை ஒரே நேரத்தில் திரையில் சேர விடாமல் மெதுவாக நகருங்கள். அறைக்குள் போனதும், சுற்றிலும் அரிவாள்கள் முளைக்கும் முன்பே புனித நீரை அவன் காலடியில் தொடர்ந்து எறிய வேண்டும். மூன்று வீசும் வசதியோடு வந்தால் அவன் அசையவே மாட்டான்.

லைஃப் தீர்ந்தாலும் கவலை இல்லை. கன்டினியூ கொடுத்தால் அந்தப் பாஸுக்கான மூன்று ஸ்டேஜ்களின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

படி 7: டிராகுலா

முதல் உருவத்தில் தலையில் பட்டால்தான் அடி. தோன்றுவான், மேலங்கியைத் திறந்து மூன்று தீப்பந்துகள் விடுவான், மறைவான். சற்று விலகி நின்று, தீப்பந்துகளைத் தாண்டிக் குதிக்கும்போதே தலைக்கு ஒரு அடி. ஒரு தோற்றத்துக்கு ஒரு அடி போதும், பேராசை வேண்டாம். இதில் இதயங்களைச் செலவழிக்காமல் சாட்டையாலேயே முடியுங்கள். விழுந்ததும் பெரிய மிருகமாக எழுவான், அவன் உயிரும் முழுதாக நிரம்பிவிடும். சேமித்த புனித நீர் எல்லாம் இதற்குத்தான்.

அதன் பிறகு வரும் பெயர்ப் பட்டியலைத் தவறவிடாதீர்கள். பழைய திகில் பட நடிகர்களின் பெயர்களைக் கேலியாகத் திரித்திருப்பார்கள். கிறிஸ்டோபர் லீயைத் திரித்து, டிராகுலாவாக நடித்தவர் 'கிறிஸ்டோபர் பீ'யாம். பட்டியல் ஓடி முடிந்ததும் கேம் முதலிலிருந்து இன்னும் கடினமாகத் தொடங்கும். தைரியம் இருந்தால் கன்ட்ரோலரைக் கீழே வைக்காதீர்கள்.