சின்ன செயின் சா வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

விறகு துண்டு போடவும் கிளை கழிக்கவும் ஒரு செயின் சா வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது இரண்டே கேள்வி: இன்ஜின் எத்தனை சிசி, பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) எத்தனை இன்ச்? இரண்டிலும் பெரியதாகவும் விலையில் குறைவாகவும் எது கிடைக்கிறதோ அது வீடு வந்து சேர்கிறது. பாதித் தவறு அங்கேயே முடிந்துவிடுகிறது.

35 முதல் 45 சிசி வரையுள்ள இன்ஜினுக்கு 14 அல்லது 16 இன்ச் பார்தான் பொருத்தம். அதிலேயே 20 இன்ச் மாட்டிக் கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். பார் நீள நீள செயின் கனக்கும், உராய்வு கூடும், ஆயில் பம்ப் நனைக்க வேண்டிய தூரமும் கூடும். முழு பாரும் கட்டைக்குள் இறங்கியதும் இன்ஜின் திணறும். நாம் இன்னும் அழுத்துவோம். கிளட்ச் சூடாகிப் புகையும். பன்னிரண்டு இன்ச் தடிமன் வரை 14 இன்ச் பார் தாராளம். எப்போதாவது அதைவிடப் பருத்த கட்டை வந்தால் இரு பக்கமிருந்தும் அறுக்கலாம். கிளை கழிக்கும்போது நீளமான பார் ஆபத்தும்கூட. இலை மறைவில் பாரின் முனை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முனையின் மேல்பாதி இன்னொரு கிளையில் இடித்தால் ஓடும் செயின் அதைக் கவ்வி, பாரை அப்படியே முகத்தை நோக்கி எகிற வைக்கும். கிக்பேக் என்பது இதுதான்.

சிசியை மட்டும் நம்புவது அடுத்த சறுக்கல். பெட்டியில் கிலோவாட், அதாவது இன்ஜினின் சக்தி, எவ்வளவு என்று தேடுங்கள். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 170 சுமார் 30 சிசிதான், ஹஸ்க்வர்னா 120 சுமார் 38 சிசி. வீட்டு விறகுக்கு இந்த அளவிலேயே நல்ல மெஷின்கள் உண்டு. எடையையும் கவனியுங்கள்: பட்டியலில் போடுவது பெரும்பாலும் பார், செயின், பெட்ரோல் இல்லாத வெறும் இன்ஜினின் எடை. எல்லாம் சேர்ந்த பின் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். கிளை கழிப்பவருக்கு அந்த ஒரு கிலோ மதியத்துக்குள் தோளில் தெரியும்.

“சின்னதுதானே வேண்டும்” என்று மேல்கைப்பிடி மாடலை (பின்கைப்பிடி இன்ஜினுக்கு மேலேயே இருப்பது) எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அது கயிறு கட்டி மரமேறி வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்கானது. இரு கைப்பிடியும் நெருங்கியிருப்பதால் எகிறினால் அடக்குவது கடினம். தரையில் நின்று விறகு அறுக்க அது வேண்டவே வேண்டாம்.

உண்மையில் மெஷினைவிட செயினைப் பற்றித்தான் கடைக்காரரிடம் அதிகம் பேச வேண்டும். பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை, கேஜ் (அந்தக் கண்ணியின் தடிமன்) ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் மாற்றுச் செயின் உட்காரும். பல நல்ல பார்களில் இவை அடிப்பக்கத்திலேயே பொறித்திருக்கும். சின்ன மெஷின்களில் அதிகம் வருவது 3/8 இன்ச் பிட்ச் உள்ள லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயின். அதைத் தீட்ட 4 மி.மீ. உருட்டு அரம் போதும். .325 இன்ச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிப் போட்டால் பல்லின் கோணமே போய்விடும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்னக் குமிழ், பல்லின் நுனியைவிட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். “சீக்கிரம் அறுக்கட்டும்” என்று அதை அதிகம் ராவினால் மெஷின் கையை உலுக்கும். ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரம் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதை 1946இல் பார்த்து, அதே முறையில் பல் செய்தார். இன்றைய செயினும் அந்த வம்சம்தான். கூராக இருந்தால் செதில் செதிலாக விழும், மழுங்கினால் மாவு. மாவு விழும்போது பெரிய மெஷினைத் தேடாமல் அரத்தைத் தேடுங்கள்.

கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐடிலில் செயின் அசையக் கூடாது. முன் தடுப்பைத் தள்ளியதும் பிரேக் பிடித்து செயின் நின்றாக வேண்டும். பாரின் முனையை ஓர் அட்டைக்கு மேல் பிடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். வறண்டிருந்தால் பம்ப் சரியில்லை. ஃபில்டர், செயின், கார்புரேட்டர் உதிரிகள் அங்கேயே கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவானாலும் ஒரு ஃபில்டரோடு அதன் ஆயுள் முடிந்துவிடும்.

பெட்ரோலில் ஆயில் கலப்பதில் கைக்கணக்கு கூடாது. கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி., அதுவும் டூ ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், தேங்கினால் கார்புரேட்டரைக் கெடுக்கும். ஆகவே மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். அதிலுள்ள உலோகத் துகள் பம்பைத் தின்னும். வருஷத்தில் இரண்டு முறைதான் வேலை என்றால் பேட்டரி மெஷினே புத்திசாலித்தனம்.

பழையது வாங்குகிறீர்களா? சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும், டார்ச் அடித்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பேரம் பேசலாம். மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் தெரிந்தால், ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜினாக இருக்கக்கூடும். மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.