வாடகைக் கடையைக் காலி செய்கிறீர்களா? இன்டீரியரைப் பத்திரமாகக் கழற்றும் முறை

சென்னையில் கடையோ ஆபீஸோ வாடகைக்கு எடுத்ததும் ஆசை ஆசையாக ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன், கிளாஸ் கதவு எல்லாம் போட்டுவிடுகிறோம். காலி செய்கிற மாதத்தில் ஓனர் அக்ரிமென்டை எடுத்து நீட்டுவார்: கொடுத்தபோது இருந்த மாதிரியே திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கும். அந்த அவசரத்தில் நாலு ஆட்களைக் கூப்பிட்டுக் கையில் சுத்தியலைக் கொடுத்துவிடுகிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

சுமார் ஆயிரம் சதுர அடியில், ஏசி போட்ட ஒரு கடையை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன். எந்தப் பொருளில் கை வைப்பதற்கு முன்பும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதற்குள் என்ன ஓடுகிறது? இதன் பாரத்தை எது தாங்குகிறது? இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தளர்த்த வேண்டாம்.

படி 1: கழற்றும் முன்

ஓனரோடு ஒருமுறை கடையைச் சுற்றி வாருங்கள். எது போக வேண்டும், எது இருக்கலாம் என்று அவரே சொல்லட்டும். தரை டைல்ஸ், ஏசி பாயிண்ட், பாத்ரூம் ஃபிட்டிங் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பல ஓனர்கள் சொல்வார்கள். வேலை பாதியாகக் குறையும். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா மூலைகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். காம்ப்ளக்ஸ் என்றால் பராமரிப்பு அலுவலகத்தில் அனுமதி, வேலை நேரம், லிஃப்ட் மூன்றையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தூண், பீம், செங்கல் சுவர் எதுவும் நம் வேலையில் சேராது. செங்கல் சுவரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்த பிறகுதான். கட்டட இடிப்புப் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அவர் அதன்படி சொல்லட்டும். பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்கவோ கிரைண்டரால் அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும்.

வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஷூ, ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, என்-95 மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள். தினக்கூலிக்கு வருபவர் ரப்பர் செருப்போடுதான் வருவார். அதை அவர் தப்பென்று விட்டுவிடாதீர்கள், வாங்கித் தருவது நம் பொறுப்பு.

படி 2: கரண்ட்

இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று சரிபார்க்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆபீஸில் மெயினை இறக்கினோம், விளக்கெல்லாம் அணைந்தது, நம்பிவிட்டோம். மேஜைக்கு அடியில் போன ஒயரை எங்கள் எலக்ட்ரீஷியன் வெட்டினார். பட்டென்று ஒரு பொறி. கட்டிங் பிளையரின் வாயில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் உருகி விழுந்திருந்தது. மெயினை இறக்கியதும் யுபிஎஸ் பேட்டரியில் ஓட ஆரம்பித்து, கம்ப்யூட்டர் லைனுக்கு மட்டும் 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கைப்பிடி ரப்பர் நன்றாக இருந்ததால் அண்ணன் பிழைத்தார். அந்த பிளையரை நான் தூக்கிப் போடவில்லை. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் எடுத்துக் காட்டுகிறேன்.

அதனால் முதலில் யுபிஎஸ், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். யுபிஎஸ்ஸை நிறுத்தி, பேட்டரி இணைப்பை அதற்கான ஆளை வைத்தே கழற்றுங்கள். இருபது 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்திருந்தால் 240 வோல்ட் டிசி. எந்த மெயினை இறக்கினாலும் அது போகாது. பிறகு (ஏசி இருந்தால் படி 3-ல் சொல்லும் பம்ப் டவுன் முடிந்த பின்) மெயினை இறக்கி, எல்லா லைன்களும் பிரியும் டிபி பெட்டியைப் பூட்டி, சாவியை எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். மேலே "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். கரண்ட் இருக்கும் இடத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, அப்புறம் வெட்டப்போகும் ஒயரில் பார்த்து, மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் பாருங்கள். நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் இந்த மூன்றாவது சோதனையில்தான் தெரியும். பக்கத்துக் கடையின் ஒயர் உங்கள் சீலிங் வழியாகப் போகிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

டிரில்லுக்கும் விளக்குக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) உள்ள தனி போர்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாம்.

படி 3: தண்ணீரும் ஏசியும்

பேன்ட்ரி குழாய்க்கு வால்வை மூடி, பைப் முனையில் டம்மி போடுங்கள். தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் சீலிங்கில் இருந்தால் நீங்களாகத் தொடாதீர்கள். பைப்புக்குள் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. தலை உடைந்தால் கீழ்த் தளம்வரை நனையும். அந்தப் பகுதி வால்வை மூட வேண்டியது கட்டடத்துக்காரர்கள்.

ஸ்ப்ளிட் ஏசியின் பைப்பை நேரடியாக வெட்டவே கூடாது. உள்ளே கேஸ் அழுத்தத்தில் இருக்கிறது. ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-32 என்றால் தீப்பிடிக்கவும் கூடும். மெயினை இறக்குவதற்கு முன்பே மெக்கானிக் "பம்ப் டவுன்" செய்துவிட வேண்டும்: ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோரில் மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் மூடுவார். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்துவார். கேஸ் முழுக்க அவுட்டோர் யூனிட்டுக்குள் போய் அடங்கிவிடும். வால்வை மூடிய பிறகும் கம்ப்ரசரை ஓடவிட்டால், காற்றை இழுத்து அவுட்டோர் வெடிக்கும் அபாயம் உண்டு. கம்ப்ரசர் ஓடாத ஏசிக்குக் கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷின் உள்ள ஆளைத் தேடுங்கள். வேலை முடியும்வரை பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் வேண்டாம்.

படி 4: கிளாஸ்

கண்ணாடியை மற்ற வேலைகளுக்கு முன்பே இறக்கிவிடுங்கள். 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஏழுக்கு மூன்றடிக் கதவு என்றால் கிட்டத்தட்ட 58 கிலோ வருகிறது. தூசியைத் துடைத்துவிட்டு சக்கர் பிடியை ஒட்டி, இரண்டு பேர் கதவின் பாரத்தைத் தாங்கிய பிறகே மூன்றாவது ஆள் பேட்ச் ஃபிட்டிங் (கதவைப் பிடித்திருக்கும் உலோகப் பிடி) போல்ட்டைத் தளர்த்தட்டும். கீழே வைக்கும்போது மரக்கட்டை மேல் வைக்க வேண்டும். டஃபன்ட் கிளாஸின் (சூடாக்கி வலுவாக்கிய கண்ணாடி) மூலை டைல்ஸில் லேசாகத் தட்டினாலும் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதை அறுத்துச் சிறிதாக்கவும் முடியாது. அளவைக் குறித்து, முழுசாகவே விற்கப் பாருங்கள்.

படி 5: சீலிங்

முதலில் விளக்குகளை இறக்குங்கள். பிறகு ஓரத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயர், ஏசி வடிகால் பைப், கேசட் ஏசி தொங்கும் ராடு எல்லாம் தெரியும். வருடக்கணக்கில் சேர்ந்த தூசியும் எலிப் புழுக்கையும் மேலே இருக்கும், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

ஆறுக்கு நாலு ஜிப்சம் போர்டு ஒன்று இருபது கிலோ வரும். கயிறு கட்டி இழுத்தால் ஃப்ரேமோடு மொத்தமாகத் தலையில் இறங்கும். கைரம்பத்தால் இரண்டடிப் பட்டையாக அறுத்து, கீழே ஒருவர் வாங்க, ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக வாருங்கள். போர்டெல்லாம் போன பிறகு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலை ஒருவர் பிடித்துக்கொள்ள, தொங்கலை இன்னொருவர் கழற்ற வேண்டும். சேனலின் ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும். ஏணியைவிட சக்கரச் சாரம் நல்லது. ஆள் ஏறும் முன் சக்கரத்தைப் பூட்டுங்கள்.

படி 6: பார்ட்டிஷன், தரை

பார்ட்டிஷனில் ஒரு பக்க போர்டு, உள்ளே ஒயரும் கிளாஸ் வூலும், மறுபக்க போர்டு, நிற்கும் சேனல், கடைசியில் தரையிலும் மேலேயும் ஓடும் சேனல் என்ற வரிசையில் கழற்றுங்கள். கட்டியவர் போட்ட வரிசையை அப்படியே திருப்புகிறோம். பிளைவுட்டில் நீட்டிய ஆணியை அப்போதைக்கப்போது பிடுங்கிவிடுங்கள். காலில் ஏறினால் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசிக்கு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

படி 7: குப்பை

காப்பர், அலுமினியம், ஜிஐ மூன்றையும் தனித்தனியாகக் கட்டினால் காயலான் கடையில் நல்ல விலை கிடைக்கும். எல்இடி அல்லாத பழைய டியூப் லைட்டில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் தனியே வையுங்கள். ஜிப்சம் நனையாமல் இருக்கட்டும். டைல்ஸ், சிமெண்ட் கழிவை ராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டுவதாகச் சொல்லும் லாரிக்காரருக்குக் கொடுக்காதீர்கள். சென்னை மாநகராட்சியின் 1913-ல் கேட்டால் எங்கே கொண்டுபோவது என்று சொல்வார்கள்.

துளைகளைப் பட்டி போட்டு அடைத்து, முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி போட்டோ எடுங்கள். சாவி கொடுக்கும்போது இபி மீட்டர் ரீடிங்கையும் ஓனர் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.