மலை பீன்ஸுக்கு விதை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, நீலகிரி, கொல்லிமலை என்று எந்த மலைக்குப் போனாலும் வேலியோரம் ஓர் அவரைக் கொடியோ பீன்ஸ் கொடியோ ஏறியிருக்கும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, புள்ளி போட்டது, வரி ஓடியது என்று விதைகள் பல நிறத்தில் கிடைக்கும். ஆசையாக வாங்கி வந்து விதைப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டில் "ரகம் கெட்டுப்போச்சு" என்கிறார்கள். பெரும்பாலும் கெட்டது ரகம் இல்லை, விதை எடுத்த முறை.

எல்லாம் பீன்ஸ்தானே என்று ஒரே முறையில் வளர்ப்பது

மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன. மலையில் பீன்ஸ் என்ற பெயருக்குள் குறைந்தது நான்கு தனித்தனி இனங்கள் அடங்கும். செடி பீன்ஸ், கொடி பீன்ஸ், ராஜ்மா மூன்றும் ஒரே இனம். டபுள் பீன்ஸ் லிமா இனத்தைச் சேர்ந்தது. அவரையும் மொச்சையும் வேறோர் இனம். சிவப்புப் பூ பூக்கும் ரன்னர் பீன்ஸ் நான்காவது. பட்டர் பீன்ஸ் என்ற பெயரை நம்பி எந்த முடிவுக்கும் வரவேண்டாம். அந்தப் பெயரில் விற்பது இடத்துக்கு இடம் மாறும்.

விதையைப் பார்த்தே பிரித்துவிடலாம். விளிம்பில் வெள்ளையாகப் புடைத்த நீண்ட வரம்பு இருந்தால் அவரை அல்லது மொச்சை. தட்டையான விதையில், கண்ணிலிருந்து (விதை காயோடு ஒட்டியிருந்த வடு) முதுகுப் பக்கம் நோக்கி மெல்லிய கோடுகள் விரிந்து போனால் லிமா. பக்கவாட்டில் நடுவே சிறிய முட்டை வடிவக் கண் மட்டும் இருந்தால் ராஜ்மா இனம். ரன்னரும் அதைப் போலவே, ஆனால் இன்னும் பெரிதாக இருப்பதால் குழப்பும். முளைக்கவிட்டால் சந்தேகம் தீரும். ராஜ்மாவின் பருப்பு இரண்டாகப் பிரிந்து மண்ணுக்கு மேலே வரும். ரன்னரின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், குருத்து மட்டும் வெளியே வரும்.

போதுமான இடைவெளி விடாமல் நடுவது

ராஜ்மா இனத்தின் பூ விரியும் முன்பே மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் உள்ளேயே முடிந்துவிடும். அதனால் இரண்டு ரகங்களுக்கு நடுவே, விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு 5 மீட்டர், அதைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு 10 மீட்டர் இடைவெளி போதும் என்பது நம் நாட்டு விதைச்சான்று விதி. ரன்னரின் கதை வேறு. தேனீ போன்றவை பூவுக்கு வந்தால்தான் அதில் காய் நன்றாகப் பிடிக்கும். இரண்டு ரன்னர் ரகங்களை ஒரே தோட்டத்தில் வைத்துத் தூய விதை எடுக்க முடியாது, அரைக் கிலோமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். லிமாவும் அவரையும் இடைப்பட்டவை. இவற்றுக்கு 50 மீட்டராவது விடுங்கள். மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு நடமாடும் இடமென்றால் இன்னும் தள்ளி வையுங்கள்.

இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. விதையின் தோல் தாய்ச்செடியின் பகுதி. எனவே கலப்பு நடந்த ஆண்டில் விதையின் நிறம் மாறாது, அச்சாகத் தாயைப் போலவே இருக்கும். அதை அடுத்த ஆண்டு விதைத்தால், அந்த ஒரு செடியில் காய்க்கும் விதைகள் எல்லாமே வேறு நிறத்தில் வரக்கூடும். அதற்கடுத்த ஆண்டு நிறங்கள் நாலாபக்கமும் சிதறும். அப்போதுதான் பலரும் கவனித்து, அந்த ஆண்டு பக்கத்தில் நட்ட ரகத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். செடி செடியாகத் தனித்தனியே பறித்து உரித்துப் பார்த்தால் இரண்டாம் ஆண்டிலேயே பிடித்துவிடலாம். கொத்தாகப் பறித்து ஒரே சாக்கில் கொட்டினால் கண்டுபிடிக்க வழியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடி ரகங்களில் மகரந்தக் கலப்பைவிட அதிகம் நடப்பது, பறிக்கும்போது நம் கையாலேயே விதை கலந்துபோவது. பக்கத்துக் குச்சியிலிருந்து தாவி வந்த கொடியின் காயையும் சேர்த்துப் பறித்துவிடுவோம். இரண்டு கொடி ரகங்களுக்கு நடுவே ஒரு வரிசை மக்காச்சோளமோ செடி பீன்ஸோ நட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கலவையைத் தூய்மைப்படுத்துவது

எல்லா மலை விதையும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. உத்தராகண்டின் கர்வால் மலையில் கேழ்வரகு, தண்டுக்கீரை விதை, ராஜ்மா, கொள்ளு, உளுந்து போன்றவற்றை ஒன்றாக விதைக்கும் 'பாராநாஜா' முறை உண்டு. ருவாண்டா மலைகளில் பல நிற பீன்ஸ்களைக் கலவையாகவே விதைத்து, கலவையாகவே சமைக்கிறார்கள். மழை கூடினால் ஒன்று விளையும், நோய் வந்தால் இன்னொன்று தாங்கும். இப்படி வந்த விதையை நிறம் நிறமாகப் பிரித்து, பளபளப்பான பெரிய விதையை மட்டும் வைத்துக்கொள்வது அந்தக் காப்பீட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். கலவையாக வந்ததைக் கலவையாகவே வளர்த்து, ஒவ்வொரு நிறத்திலும் அதே விகிதத்தில் விதை எடுங்கள். தனி ரகமாக வந்ததென்றால் குறைந்தது 20 செடிகளிலிருந்தும், ரன்னர் என்றால் 50 செடிகளுக்கு மேலிருந்தும் எடுங்கள்.

பறித்தது போக மிஞ்சியதை விதைக்கு விடுவது

நல்ல காயெல்லாம் சந்தைக்கும் குழம்புக்கும் போய், கடைசியில் தொங்கும் சூம்பிய காய் விதையாகிறது. அந்த நேரத்துக்குள் கொடி நோயும் ஏற்றிருக்கும். பூக்கும்போதே நல்ல செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். முதலில் பிடிக்கும் காய்களை அவற்றில் தொடாமல் விடுங்கள்.

இலையில் தேமல் ஓடி, சுருண்டு, குட்டையான செடியில் எக்காரணம் கொண்டும் விதை எடுக்காதீர்கள். தேமல் நச்சுயிரி விதைக்குள்ளேயே போகும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. காயில் குழிந்த கரும்புள்ளி இருந்தால் அது ஆந்த்ராக்னோஸ். அதுவும் விதை வழியே பரவும். பனியோ மழையோ ஈரமாக இருக்கும்போது தோட்டத்துக்குள் போய்க் கொடியைத் தொட்டால், அந்த நோயை நம் கையாலேயே வரிசை வரிசையாகப் பரப்புகிறோம்.

பட்டமும் உயரமும் பாராமல் விதைப்பது

பழைய மலை அவரையும் மொச்சையும் பகல் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, தைப்பொங்கலுக்கு மொச்சை கிடைக்கும். மாசியில் விதைத்தால் கொடி பந்தலை மூடும், பூ மட்டும் வராது. உரத்தைக் கூட்டினால் இலைதான் கூடும்.

ராஜ்மாவுக்கு இடைஞ்சல் வெப்பம். உத்தராகண்டின் முன்சியாரி ராஜ்மா 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. விளையும் இடம் சுமார் 2,200 மீட்டர் உயரம். அதைக் கடையில் வாங்கிச் சமவெளியில் பங்குனியில் விதைத்தால் முளைக்கும், பூக்கும், பூவெல்லாம் உதிரும். பகல் 30 டிகிரியைத் தாண்டி இரவும் சூடாக இருந்தால் மகரந்தம் செயலற்றுப் போவதே காரணம். சமவெளியில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கலாம்.

சிமென்ட் தரையில் நடுவெயிலில் காயப்போடுவது

கொடைக்கானல் பக்கம் விதை முற்றும் காலத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். காய் கொடியிலேயே முழுதாகக் காயட்டும் என்று காத்திருந்தால், உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும் அல்லது முளைவிடும். காய் பச்சை மாறி மஞ்சள் ஓடியதுமே கொடியை வேரோடு பிடுங்கி, கூரைக்கடியில் காற்றோட்டமாகத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

அவசரத்தில் சூடான தளத்தில் பரப்பினால் தோல் விரியும். முறுகக் காய்ந்த பிறகு தடியால் அடித்தால் உள்ளே குருத்து ஒடியும். வெளியே முழு விதையாகத் தெரிந்தாலும், முளைக்கும்போது இரண்டு பருப்பும் தண்டும் மட்டும் வந்து, குருத்து இல்லாமல் நின்றுவிடும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே கையால் உரித்து, பிறகு நிழலிலும் காலை வெயிலிலும் காயவைப்பது நல்லது. 9 சதவீத ஈரப்பதம் இலக்கு. கருவி இல்லையென்றால் ஒரு விதையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கண்ணாடிபோல் சிதறினால் போதும், நசுங்கினால் இன்னும் காய வேண்டும்.

வண்டு வந்த பிறகு மருந்து தேடுவது

மொச்சையில் வண்டு டப்பாவில் பிறப்பதில்லை. தோட்டத்திலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடும், புழு விதைக்குள் புகுந்து நம்மோடு வீட்டுக்கு வரும். நன்கு காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். சரியாகக் காயாத விதையை வைத்தால் விதையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் விதையில் நீர் கோக்காது. உறைபெட்டி வசதி இல்லாதவர்கள் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி சமையல் எண்ணெய் புரட்டி வைக்கலாம். ஒரு பருவத்துக்கு இது தாங்கும்.

இருக்கும் விதை முழுவதையும் ஒரே பட்டத்தில் விதைத்துவிடாதீர்கள், பாதி எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஊர், உயரம், ஆண்டு, கொடியா செடியா என்பதைச் சீட்டில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். விதைக்கும் முன் 50 விதையை ஈரத்துணியில் சுருட்டி ஒன்பது நாள் வைத்துப் பாருங்கள். 38க்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு ஒரு விதை கூடுதலாகப் போட வேண்டும்.