கோர்ட்டுக்கு உளவியல் மதிப்பீடு: முதல் கேஸை எடுக்கும்முன்

மருத்துவ உளவியலில் எம்.பில். முடித்து, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவும் வாங்கி, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தனியாக கிளினிக் போட்டிருக்கும் இளையவர்களுக்கு இது. பதிவு வாங்குவது எப்படி என்பதற்குள் நான் போகவில்லை. வக்கீல் போன் செய்து, "மேடம், ஒரு மெண்டல் சர்ட்டிபிகேட் வேணும்" என்பாரே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

படி 1: மதிப்பிட வேண்டியவர் உங்களிடம் ஏற்கெனவே சிகிச்சைக்கு வருகிறவரா? அப்படியானால் மறுத்துவிடுங்கள். சிகிச்சை தருபவர் அவர் பக்கம் நிற்பவர். மதிப்பிடுபவர் யார் பக்கமும் நிற்கக்கூடாது. பாலக்காட்டிலோ கோவையிலோ வேறொருவரிடம் அனுப்புங்கள்.

படி 2: கேள்வியை எழுத்தில் வாங்குங்கள். சிக்கலெல்லாம் இங்கேதான். "மனநிலையைப் பார்த்துச் சொல்லுங்க" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஒரே கொலை வழக்கில் இரண்டு கேள்விகள் வரலாம். சம்பவம் நடந்த நேரத்தில் தான் செய்வது என்ன, அது தவறா என்று அவருக்குத் தெரிந்ததா என்பது ஒன்று (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 22; பழைய ஐ.பி.சி. 84). இன்று வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது மற்றொன்று (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 367). இரண்டாவதற்கு இன்றைய பேட்டியே பெரும்பாலும் போதும். முதலாவதற்கு அது போதாது: பழைய மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அவரைப் பார்த்தவர்கள் சொன்னது எல்லாம் வேண்டும். நோய் இருக்கிறது என்று நிரூபித்தாலே பிரிவு 22-இன் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

16 முதல் 18 வயதுக்குள் உள்ள பையன் கொடுங்குற்ற வழக்கில் வந்தால், சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 15. அவனுடைய திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் தன்மை, சூழ்நிலை இவற்றைத்தான் கேட்கிறார்கள். அவன் செய்தானா என்று நீங்கள் சொல்லக்கூடாது.

படி 3: சம்மதம். "நீங்க இங்க சொல்றது ரிப்போர்ட்ல வரும், ரகசியமா இருக்காது" என்று தமிழிலேயே சொல்லி, புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கட்டணத்தை முன்பே வாங்கிவிடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் தொகை மாறாது என்று வக்கீலிடமும் சொல்லிவிடுங்கள்.

படி 4: சோதனைகள். நம் பக்கத்தில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், அதுவும் பாதியில் நின்றது என்பது சாதாரணம். தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் ஒருவரிடம் மலையாளச் சொற்களை வைத்து அறிவுத்திறன் அளந்தால், நீங்கள் அளப்பது அவருடைய பள்ளிக்கூடத்தை. எனக்குப் பிடித்தது பாட்டியா பேட்டரி: சொல்லை நம்பாமல், கட்டை அடுக்குவது போன்ற செய்கைகளால் அறிவுத்திறனை அளக்கும் சோதனைத் தொகுப்பு. ஆனால் அதன் அளவுகள் 11 முதல் 16 வயதுச் சிறுவர்களை வைத்து உருவானவை. பெரியவருக்குப் பயன்படுத்தினால் அதை ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள். வண்ணக் கட்டைகளை அடுக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மூலையைச் சரிசெய்ய மறுமூலையைக் கலைக்கிறாரா, பார்க்காமலே "தெரியாது" என்று தள்ளிவைக்கிறாரா? சுலபமானதில் தவறி, கடினமானதில் தேறினால் நடிப்போ என்று சந்தேகப்பட இடமுண்டு. அப்போதும் ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்கும் மைத்தடச் சோதனையை (ரோர்ஷாக்) நான் தொடுவதில்லை. குறுக்கு விசாரணையில் அதைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பொய் கண்டறியும் கருவி, மயக்க மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனை பக்கம் போகவே வேண்டாம். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் கூடாது என்று செல்வி வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம், கூடவே வந்து எல்லாப் பதிலையும் சொல்லும் மாமாவை டீக்கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 5: ரிப்போர்ட். அவர் சொன்னது, நீங்கள் பார்த்தது, ரெக்கார்டில் இருப்பது, உங்கள் கருத்து: நான்கும் தனித்தனியாக இருக்கட்டும். சோதனைத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். மனநோய்க்கான சான்றை எதிர்த்தரப்பு மறுத்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 105-இன்படி விஷயம் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகும். அங்கே உங்கள் குறிப்புகள்தான் பேச வேண்டும்.

பின்சேர்க்கை: திருப்பூரில் வேலை செய்கிறவரை வீடியோ காலில் பார்க்கலாமா என்று கோவிந்தாபுரத்திலிருந்து ஒருவர் கேட்டார். முதல் பேச்சுக்குச் சரி. கட்டைச் சோதனைக்கு நேரில்தான் வர வேண்டும். போனுக்குப் பின்னால் யார் நின்று சொல்லிக்கொடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. ரெக்கார்டிங்கைக் கோர்ட்டில் தருவதானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63-இன்படி சான்றிதழும் வேண்டும். படிவத்தை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.