நாவல் படமாகும்போது: பார்வையாளரிடம் கருத்துக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் இப்போது சின்னச் சின்னத் திரையிடல்கள் அங்கங்கே நடக்கின்றன. ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, வாடகைக் கதிரைகள், இருட்டியதும் படம். நாவலாகப் பிறந்து திரைக்கு வந்த மாயக்கதைகளுக்குத்தான் கூட்டம் சேருகிறது. லோர்ட் ஒஃப் த ரிங்ஸ், ஹரி பொட்டர் என்றால் வீட்டோடு கிளம்பி வருகிறார்கள். படம் முடிந்ததும் ஏற்பாட்டுக்கார இளைஞர் ஒருவர் மைக்கோடு எழும்பிக் கருத்துக் கேட்பார். அதைப் பதிந்து, எழுதி, ஏதாவது சஞ்சிகைக்கு அனுப்புவார்.

இது முக்கியமான வேலை என்று நம்புகிறேன். ஒரு ஊர் ஒரு கதையை எப்படி வாங்கிக்கொண்டது என்பதற்கு வேறு பதிவு கிடையாது. பல வருடமாக இதையே செய்துவருகிறேன். எங்கள் வயதுக்காரர் தொடக்கத்தில் செய்த பிழைகளையே இன்றைய பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பற்றரி இறங்கிவிட்டது, ஒலி பதியவில்லை, பெயரை மாற்றி எழுதிவிட்டேன் என்பவையெல்லாம் அடுத்த முறை தாமாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் கேள்வியே “நாவல் மாதிரி இருந்ததா?” என்று கேட்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். மற்ற எல்லாத் தவறையும் எழுதும்போது திருத்தலாம். இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் கிடைத்திருக்க வேண்டிய பதில் அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது.

உவர்மலையில் ஒரு மண்டபத்தில் லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் முதற்படம் போட்டார்கள். இரண்டாம் வரிசை ஓரத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருந்தார். கடைசியில் பொரொமிர் என்ற வீரன் அம்புகள் தைத்து விழும் காட்சி வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பப் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மீதிப் படத்தை அப்படியே பார்த்தார்.

விளக்கு எரிந்தது. தம்பி ஒருவர் நேரே அவரிடம் போய், “ரீச்சர், நாவலோட ஒப்பிட்டா படம் எப்பிடி?” என்றார்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டார். குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. ரொம் பொம்படில் வரவே இல்லை, குளோர்ஃபின்டெல் வரவேண்டிய இடத்தில் ஆர்வென் வருகிறாள், பில்போவின் பிறந்தநாளுக்கும் ஃப்ரோடோ ஊரை விட்டுக் கிளம்புவதற்கும் இடையில் புத்தகத்தில் 17 வருடம் போகிறது, படத்தில் அது தெரியவே இல்லை. ஒன்றும் பிழையில்லை, எல்லாம் உண்மை. தம்பி அத்தனையையும் எழுதிக்கொண்டு, தலைப்பும் போட்டுவிட்டார்: நாவலை வாசித்தவர்களுக்கு ஏமாற்றம்.

ஓட்டோவில் ஏற்றிவிடும்போது நான் ரீச்சரிடம், கடைசியில் ஏன் கண்ணாடியைக் கழற்றினீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவன் எப்பிடிச் சண்டை பிடிச்சு விழுந்தான் எண்டு புத்தகத்தில நான் காணேல்லையே தம்பி. அரகோர்ன் போகேக்க எல்லாம் முடிஞ்சிருக்கும். இண்டைக்குத்தான் கண்டனான்.”

அவர் சொன்னது சரி. டோல்கீன் நாவலில் பொரொமிரின் கடைசிச் சண்டை நேரடியாக வராது. ஊதுகொம்புச் சத்தம் கேட்டு அவன் தோழன் அரகோர்ன் ஓடிப் போகும்போது அவன் மரத்தில் சாய்ந்து கிடப்பான். அதுவும் இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தில்தான் வரும். இயக்குநர் பீற்றர் ஜாக்சன் அதை முன்னுக்கு இழுத்து, 2001 இல் வந்த முதற்படத்தின் முடிவாக வைத்தார். ஆக, நாவலை நன்றாக அறிந்த ஒரு வாசகி, நாவல் காட்டாமல் விட்டதைத் திரையில் கண்டு கலங்கியிருக்கிறார். இதைவிடப் பெரிய கருத்து அன்றைக்கு அந்த மண்டபத்தில் வேறு எதுவும் இல்லை. பதிவில் இருப்பது அதற்கு நேர் எதிரானது.

ஏன் இப்படி ஆகிறது? அந்தக் கேள்வியைக் கேட்டவுடனே வாசகர் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்துவிடுகிறார். எது விட்டுப்போனது, எது மாறியது என்று புள்ளி வெட்டத் தொடங்குகிறார். நேசித்த புத்தகத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கடமையும் சேர்ந்துகொள்கிறது. தான் உண்மையாகவே வாசித்தவர் என்று சபைக்குக் காட்டவும் வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், வாசிக்காதவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பக்கத்துக் கதிரையில் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்த மனுசன், “நான் புத்தகம் வாசிக்கேல்ல” என்று எழும்பிப் போய்விடுவார். இரண்டு பேரையும் ஒரே கேள்வியால் இழந்துவிடுகிறோம்.

அதற்காக நாவலைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில், “எந்த இடம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர நேரமெடுக்கும், இடையில் வாய் கொடுக்காதீர்கள். அவர் ஒரு இடத்தைச் சொன்ன பிறகு, அந்த இடம் புத்தகத்தில் எப்படி என்று கேளுங்கள். நாவல் தானாக வந்து சேரும்.

அப்படியும் பட்டியல் வாசிப்பவர் இருப்பார். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: “அது இல்லாததால உங்களுக்கு என்ன குறைஞ்சது?” பொம்படில் மாதிரியான விசயங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில் உதிர்ந்துவிடும். உண்மையான காயம் மட்டும் மிஞ்சும். பொரொமிரின் தம்பி ஃபரமிரைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் அந்த வகை. நாவலில் ஃப்ரோடோ சுமந்து வரும் மாய மோதிரம் கைக்கு எட்டியும் அதை வேண்டாமென்று ஃப்ரோடோவைப் போகவிடுகிற மனிதன் அவன். படத்தில் அவனே ஃப்ரோடோவைப் பிடித்து ஒஸ்கிலியத் நகரத்துக்குக் கொண்டுபோகிறான். தான் நம்பிய ஒருவனை யாரோ தரம் தாழ்த்திவிட்டார்கள் என்கிற கோபம் அது. பட்டியல் வேறு, இது வேறு.

மூன்றாவது படம் போட்டபோது மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், ஃப்ரோடோவின் ஊரான ஷயர் நாசமாகும் பகுதியை எடுத்துவிட்டார்கள் என்றார். நாவலில் ஹொபிட்கள் (ஃப்ரோடோவின் இனத்தவரான குள்ளமான மனிதர்கள்) போர் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது மரங்கள் வெட்டுப்பட்டு, வீடுகள் இடிபட்டு, அந்நியர் அதிகாரம் செய்துகொண்டிருப்பார்கள். ஊரை மீட்க அங்கே இன்னொரு சண்டை நடக்கும். படத்தில் முதற்பாகத்தில் கலட்ரியலின் நீர்க்கண்ணாடியில் ஒரு கணம் அந்த அழிவு காட்டப்படுவதோடு சரி. முடிவில் ஷயர் விட்டுப் போனபடியே பச்சையாக இருக்கும். அது இல்லாததால் என்ன குறைந்தது என்று கேட்டேன். “ஊருக்குத் திரும்பிப் போனா ஊர் அப்பிடியே இருக்குமா அண்ணை?” என்றார். 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த சனத்துக்கு 2015 இல்தான் காணி விடுபடத் தொடங்கியது என்பது தெரிந்த எவருக்கும் அந்தப் பதிலுக்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நாவலா, படமா என்று கேட்டிருந்தால் அவர் “ஒரு அத்தியாயம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

வாசித்தவர், வாசிக்காதவர் என்று இரண்டே பெட்டி வைப்பது

எங்கள் ஊரில் வாசிப்பு அவ்வளவு நேர்த்தியாக நடப்பதில்லை. முதலாம் பாகம் நூலகத்தில் இருந்தது, இரண்டாம் பாகத்தை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை என்பவர் இருக்கிறார். அண்ணன் இரவில் சொல்லக் கேட்டவர் இருக்கிறார். தமிழ் டப்பிங்கில் படத்தைப் பார்த்துவிட்டு, பிறகு ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு வாசித்தவர் இருக்கிறார். இவர் மனதில் ஹரி பொட்டரின் முகம் டானியல் ராட்கிளிஃபின் முகம்தான். நாவலில் ஹரிக்குப் பச்சைக் கண், படத்தில் நீலக் கண் என்ற வருத்தம் அவருக்கு எப்படி வரும்? பச்சைக் கண்ணை அவர் ஒரு நாளும் கண்டதில்லை.

எப்போது வாசித்தீர்கள், எந்த மொழியில், எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பொன்னியின் செல்வன் மாயக்கதை அல்ல, வரலாற்றுப் புதினம். ஆனால் 2022 இல் அதன் முதற்பாகம் திரைக்கு வந்தபோது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த காலத்து இதழ்களைக் கட்டி வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் மணியத்தின் ஓவியங்களோடு படத்தை ஒப்பிட்டார்கள். மலிவுப் பதிப்பில் படமில்லாமல் வாசித்தவர்கள் தங்கள் கற்பனையோடு ஒப்பிட்டார்கள். இரண்டு பேரும் “நந்தினி இப்படியில்லை” என்றுதான் சொன்னார்கள். சொன்ன நந்தினி இரண்டு பேர்.

எல்லாக் குறையையும் நாவல் கணக்கில் எழுதுவது

த ஹொபிட் முதற்படம் 2012 இல் வந்தபோது பலருக்கு அதன் தோற்றமே பிடிக்கவில்லை, ரீவி நாடகம் மாதிரி இருக்கிறது என்றார்கள். வழமையாக விநாடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) ஓடும் படத்தை 48 இல் எடுத்துச் சில தியேட்டர்களில் அப்படியே காட்டியதுதான் காரணம். அந்த முறைப்பாட்டில் நாவலுக்குப் பங்கில்லை.

இங்கே டச்பே பக்கம் வெளியில் படம் போட்டால் கடற்காற்றில் துணி ஆடும், தெருவிளக்கு வெளிச்சம் விழும். ஹரி பொட்டரின் கடைசிப் படங்கள் ஏற்கனவே இருட்டு. “ஒண்டும் விளங்கேல்ல” என்று ஒருவர் சொன்னால், கதை விளங்கவில்லையா, திரை தெரியவில்லையா என்று கேட்ட பிறகு எழுதுங்கள்.

எழும்பிப் போனவரெல்லாம் சலித்துப் போனவர் என்று நினைப்பது

லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் மூன்றாம் படம் 3 மணித்தியாலம் 20 நிமிடம் ஓடும். முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு முடிவு வரும். உலகம் முழுக்க அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. அதைப் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை, எங்கள் திரையிடலில் கடைசியில் பலர் எழும்பிப் போனதை அதே கணக்கில் எழுதிவிட்டார். போனவர்கள் கிண்ணியாவுக்குக் கடைசி பஸ் பிடிக்கப் போனார்கள். அதில் ஒரு அம்மா வாசலில் நின்று, மீதிக் கதையைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லி என்னிடம் கெஞ்சிவிட்டுப் போனார்.

முதல் நாள் கருத்தை முடிந்த கருத்தாக எடுப்பது

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் படம் வெளியாகும் நாளிலேயே பார்வையாளரிடம் அட்டை கொடுத்துத் தரம் வாங்குகிறது. முதல் நாளே ஓடி வருபவர் ஆசையோடு வருபவர். அவர் தரும் தரம் அந்த ஆசையையும் சேர்த்துத்தான்.

ஹரி பொட்டர் மூன்றாம் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 இல் அல்ஃபொன்சோ குவரோன் இயக்கி வந்தபோது நாவல் வாசகர்கள் பலர் கொதித்தார்கள். கதையில் வரும் மாய வரைபடத்தை வரைந்தவர்கள் யார் என்று படம் சொல்லவே இல்லை, பிள்ளைகள் சீருடையை விட்டுச் சாதாரண உடுப்போடு திரிகிறார்கள் என்றார்கள். அந்த வரிசையின் எட்டுப் படங்களிலும் வசூல் குறைந்தது அதுதான். இன்று எது சிறந்தது என்று கேட்டால் பலர் சொல்வதும் அதையே. அன்று திட்டியவரிடம் மறுபடியும் போய்க் கேளுங்கள். ஒரே ஆளின் இரண்டு கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அப்படியான பதிவு எங்களிடம் மிகக் குறைவு.

நாவலாசிரியரின் கோபத்தைப் பார்வையாளர் தலையில் கட்டுவது

1984 இல் வந்த த நெவர் எண்டிங் ஸ்டோரி படத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார் அதன் நாவலாசிரியர் மைக்கேல் என்டே. படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதை இன்றும் நேசிக்கிறார்கள். இரண்டும் இரண்டு செய்தி.

இணையப் புள்ளியை எடுத்து ஒட்டுவது

வேண்டாம். படம் வெளிவருவதற்கு முன்பே பார்வையாளர் கருத்து எழுத விட்டிருந்த ரொட்டன் டொமேற்றோஸ் தளம்கூட 2019 இல் அதை நிறுத்திவிட்டது.

கதையைப் போட்டுடைப்பது

கேட்கும் முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மைக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். மைக்கைக் கண்டால் “நல்லா இருந்தது” என்று மட்டும்தான் சொல்லும். பக்கத்தில் குந்தியிருந்து, எந்த இடத்தில் பயந்தாய் என்று மெதுவாகக் கேளுங்கள். லோர்ட் ஒஃப் த ரிங்ஸில் வரும் கொல்லம் என்ற பாத்திரம் தனக்குத் தானே கதைக்கும் காட்சியைப் பற்றி ஒரு சிறுமி என்னிடம், “அவருக்குக் கூட்டாளி இல்ல, அதான்” என்றாள். பெரியவர்கள் எவரும் அன்று அதைச் சொல்லவில்லை.

எழுதும்போது எல்லோரையும் ஒரே குரலாக்குவது

“ரசிகர்கள் கலவையான கருத்துகளைத் தெரிவித்தனர்” என்ற வரியை எழுதாதீர்கள். அதற்கு நீங்கள் திரையிடலுக்கு வந்திருக்கவே தேவையில்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் அவர் சொன்ன பேச்சிலேயே போடுங்கள். “எண்டு” என்றால் “எண்டு” என்றே இருக்கட்டும். பக்கத்தில் சிறிதாக வயது, நாவலை எவ்வளவு வாசித்தார், எந்த மொழியில், படத்தை இது எத்தனையாவது முறை பார்க்கிறார் என்பதைக் குறியுங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். அனுப்புவதற்கு முன் எழுதியதை அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அப்போதுதான் பலர், “இல்ல தம்பி, நான் சொல்ல வந்தது வேற” என்று தொடங்குவார்கள். கைபேசியின் பதிவுப் பொத்தானை அந்த நேரத்திலும் அழுத்தி வையுங்கள்.